எண்பத்துமூன்று அந்திச் சாப்பாடு

தரணேந்திர நயினார் ராஜீமதிக்குத் தரவேண்டியது எண்பத்துமூன்று சாப்பாடு. காசு பாக்கி எதுவும் கிடையாது. கூலியை அமாவாசைக்கு அமாவாசை எண்ணி, நாலணா குறையாமல், அவள் புருஷன் ஜம்புவின் கையில் வைத்துவிடுவார். நின்றதெல்லாம் சாப்பாட்டுப் பாக்கிதான். சமையல்கட்டில் அரிசிப் பானை மேல் கிடக்கிற ஆழாக்கில், நடக்காமல் போன ஒவ்வொரு அந்திச் சாப்பாட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை போட்டு வந்தாள். ஆனி முதல் வாரத்தில் தொடங்கியது. ஆழாக்கு அதற்குப் போய்விட்டதால் மூன்று மாதமாக அரிசியை டம்ளரில் அளந்தாள்.

ஜம்பு நயினாருடைய அரிசி மில்லில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறான். காலையில் அவியல் நெல்லைத் தொட்டியிலிருந்து வாரிக் களத்தில் கொட்ட வேண்டும். பகல் முழுக்கக் காலால் துழாவிக் காய வைக்க வேண்டும். சாயங்காலம் மூட்டை தூக்க வேண்டும். செய்யாறு பக்கம் கூலி கூடக் கொடுக்கிறார்கள் என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள். கோழிப்பண்ணை என்றால் போகமாட்டான். செங்கல் சூளை, ஏரி மீன் குத்தகை, பூச்சி மருந்து அடிக்கிற வேலை, உயிர் சாகிற எதற்கும் போகமாட்டான். அவன் கைக்கு ஒத்த வேலை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த மில் ஒன்றுதான். அது நயினாருக்கும் தெரியும்.

ஊரில் சமண வீடு பதினாலு. பதினாலு வீட்டிலும் ஐந்தரைக்கெல்லாம் அந்திச் சாப்பாடு நடக்கும். பொழுது விழ இரண்டு நாழிகை இருக்கும்போதே கை கழுவிவிட வேண்டும். விழுந்த பிறகு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ஜம்பு இதில் இன்னும் ஒரு பிடி அதிகம். காலும் கையும் கழுவிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து உட்காருவான். தட்டில் இருப்பதை ஒரு முறை விரலால் பரப்பிப் பார்ப்பான். ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துத்தான் வாயில் போடுவான். பேசமாட்டான். வயிறு நிறைய இரண்டு கவளம் இருக்கும்போது தட்டை உள்ளங்கையால் மூடிவிடுவான். கல்யாணமான புதிதில் சமையல் பிடிக்கவில்லையோ என்று ராஜீமதி பயந்தாள். அப்புறம்தான் சொன்னான், அது அவன் பதினெட்டு வயதில் எடுத்துக்கொண்ட விரதம் என்று. அந்த இரண்டு கவளத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மில்லில் பாய்லர் கொட்டகை ஓரமாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஐந்தேகாலுக்கு அதைத் தட்டுவார்கள். அரைமணி நேரம் வேலை நிற்கும். சமணர், மற்றவர் என்று பார்க்காமல் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராஜீமதி ஐந்து மணிக்குத் தூக்குச் சட்டியோடு மில் கதவண்டை நிற்பாள். இத்தனை வருஷம் அப்படித்தான் நடந்தது.

ஆனியில் நயினார் சர்க்கார் நெல்லை அரைத்துக் கொடுக்கக் குத்தகை எடுத்தார். லாரி நாலரைக்கு வந்து நிற்கும். ஏழுக்குள் ஏற்றி அனுப்பவேண்டும். மணி ஏழேகாலுக்கு மாறியது. அதை யாரும் அறிவிக்கவில்லை. ஒருநாள் ஐந்தேகால் ஆனது, தண்டவாளம் சும்மா தொங்கியது, அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஜம்பு மூட்டையோடு லாரிப் பலகை மேல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மேற்கே பார்த்தான். மேஸ்திரி வேதகிரி கதவண்டை வந்து, லோடு முடியாமல் ஆளை விட முடியாது, பெரிய நயினார் உத்தரவு என்றான். அவன் கெட்டவன் இல்லை. மறுநாள் அவனாகவே ஒரு வழி சொன்னான்.

"லாரிக்குப் பின்னால நின்னுகினே ரெண்டு வாய் போட்டுக்கச் சொல்லும்மா. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறன்."

ஜம்பு ஒரு நாள் அதையும் செய்து பார்த்தான். நின்றபடி, வியர்வைக் கையோடு, தவிட்டுத் தூசி பறக்கிற இடத்தில். இரண்டாவது கவளத்தில் ஒரு அந்துப்பூச்சி கிடந்தது. கையை உதறிவிட்டு மூட்டைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வேதகிரியும் சொல்லவில்லை, அவனும் முயலவில்லை.

ராஜீமதி மட்டும் தினமும் போனாள். போகும் முன்னே, நாலே முக்காலுக்கு, தன் பங்கை உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவாள். புருஷன் வயிறு காய்கிறது என்று தானும் காய்வது அவளுக்கு ஒப்பாது. மில்லுக்காரர் ஒரு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டார், இன்னொன்றை நாமே எடுத்துக் கொடுப்பானேன் என்பாள். அவரைக்காய்ப் பொரியலோ பயத்தம்பருப்புக் கூட்டோ, எது செய்தாலும் இரண்டு பேருக்குச் செய்வாள். தூக்குச் சட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துப் போவாள். பொழுது இறங்கியதும், களம் கூட்டுகிற அஞ்சலையின் சட்டியில் அதைக் கொட்டிவிட்டு வருவாள். ஆக்கின சோறு அவள் வீட்டில் ராத்தங்காது.

அஞ்சலைக்கு மூன்று பிள்ளைகள். வாய் சும்மா இருக்காது.

"யக்கா, எம் புள்ளைங்க இன்னா வேண்டிக்கிதுங்க தெரியுமா? ஒங்க ஊட்டுக்காரு இன்னும் ஒரு மாசம் பட்டினி கெடக்கணுமாம். பருப்பு அவ்ளோ ருசியாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வாய் கெட்ட முண்ட நான். வுடுக்கா," என்றாள்.

"உப்பு போதுமாச்சான்னு கேட்டுகினு வா," என்றாள் ராஜீமதி.

ஜம்பு கேட்டுப் பார்க்காமல் இல்லை. ஆடி பிறந்ததும் ஒரு காலை நேரம் நயினாரின் மேசை முன்னால் போய் நின்றான். கோயிலில் அவர் அவனுக்கு மாமா முறை. மில்லில் முதலாளி. கால்மணி போதும், ஓடிச் சாப்பிட்டுவிட்டு வந்து லோடு முடித்துத்தான் போவேன் என்றான். நயினார் கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒருத்தனுக்கு விட்டால் முப்பது பேருக்கு விடணும் என்றார். அப்புறம் நிமிர்ந்து, நல்ல மனதோடுதான், இன்னொன்று சொன்னார். ஒரு வேளை கழிந்தால் நம் ஆளுக்கு அது நஷ்டமா, தவம் என்று நினைத்துக்கொள், கர்மம் கழியும்.

அதை வீட்டில் வந்து சொன்னபோது ஜம்பு ஏதோ நல்ல வார்த்தை கேட்ட மாதிரிதான் சொன்னான். ராஜீமதி குடத்து வாயில் துணி கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்தாள். துணியைக் கிணற்றண்டை அலசி, அதில் தங்கிய சிற்றுயிரைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எடுத்தா அது தவம். அவுரு புடுங்கினா அது எப்படிங்க தவமாவும்?"

"எதுவானாலும் வயிறு ஒண்ணுதானே ராஜீ."

"மத்தியானம் எத்தினி கவளம் சாப்பிடறீங்க இப்ப?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவளுக்குத் தெரியும். ராத்திரி தாங்க வேண்டுமே என்று மத்தியானத்தில் திணித்துக்கொள்கிறான். தட்டை மூடுகிற கை இப்போது இல்லை. வழித்து வழித்துச் சாப்பிடுகிறான், பார்க்காமல்கூட. இருபத்தெட்டு வருஷ விரதம் ஒரு லாரியோடு போய்விட்டது. அவன் இளைத்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது.

ஆடிக் கடைசியில் அவன் பலகையிலிருந்து விழுந்தான். மூட்டை ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும். பொழுது விழுந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வேதகிரி சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வந்தான். ஜம்பு தலையை ஆட்டிவிட்டான். தண்ணீராவது என்றார்கள். அதற்கும் ஆட்டினான். அரைமணி நேரம் சாக்கின் மேல் படுத்திருந்து, எழுந்து வீட்டுக்கு நடந்தான். நயினார் அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று அஞ்சலை பிறகு சொன்னாள். கலங்கிய கண்ணோடு மணியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் பத்து நாள் விரதப் பருவம் வந்தது. ஊரே கோயிலில் இருந்தது. நயினார் பத்து நாளும் வெந்நீர் தவிர எதுவும் தொடாமல் இருந்தார். அது பொய் இல்லை, பெரிய காரியம்தான். ஜம்பு மூட்டை தூக்குகிறவன் என்பதால் அவனால் ஆனது, ஐந்து நாள் ஒரு வேளை உணவு என்று சாமி முன்னால் சொல்லி எடுத்துக்கொண்டான். அந்த ஐந்து நாளும் ராஜீமதி தூக்குச் சட்டி எடுக்கவில்லை. ஆழாக்கில் கொட்டையும் போடவில்லை. அந்த ஐந்தும் அவனுடையது. நயினார் கணக்கில் அதைச் சேர்த்தால் அவளுக்குப் பாவம். லாரி வராத ஒருநாள் அவன் நேரத்தோடு வந்து சாப்பிட்டான். அன்றைக்கும் போடவில்லை.

பத்தாம் நாள் காலை ஆதிநாதர் கோயில் மண்டபத்தில் முழுப் பட்டினி இருந்தவர்கள் பெயரைப் படித்து, மாலை போட்டு மரியாதை செய்தார்கள். படித்தவர் தரணேந்திர நயினார். பத்து நாள் பட்டினியில் குரல் மெலிந்திருந்தது. பத்து நாள் இருந்தவர், ஐந்து நாள் இருந்தவர், மூன்று நாள் இருந்தவர் என்று படித்து முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பட்டியலில் இல்லாத ஒரு தவசி இந்த ஊரில் இருக்கிறார் என்றார். மூட்டை தூக்கிக்கொண்டே மூன்று மாதமாக அந்தி உணவைத் துறந்தவர். மயங்கி விழுந்தும் ஒரு வாய் தண்ணீர் வாங்காதவர். நாங்கள் எல்லாம் நிழலில் உட்கார்ந்து இருந்த விரதம் அவர் விரதத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஜம்புகுமாரன், எழுந்து வாப்பா.

பெண்கள் பக்கத்தில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜம்பு தலையைக் குனிந்துகொண்டு பாதி எழுந்தான். அவன் முகத்தில் வெட்கமும் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவன் முழுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அதைப் பார்த்தபோதுதான் ராஜீமதிக்குத் தாங்கவில்லை.

"மாமா, அந்தப் பேர எடுத்துடுங்க," என்றாள்.

நயினார் காதில் சரியாக விழவில்லை என்பதுபோலப் பார்த்தார்.

"அது விரதம் இல்ல மாமா. அவுரு துறக்கல. நான் தெனம் ஆக்கி எடுத்துகினு ஒங்க மில்லு கதவாண்ட நின்னன். நீங்க மணி அடிக்கல. அந்தச் சோறு அஞ்சலை புள்ளைங்க வயித்துல இருக்குது, போய்க் கேட்டுப் பாருங்க. பசிச்சவன் பேர தவசின்னு படிச்சா, இந்தப் பட்டியல்ல இருக்கற மத்தவங்களுக்குத்தான் அவமானம்."

நயினாரின் மனைவி, கோயில்ல வந்து மில்லுப் பேச்சு எதுக்கு என்றாள்.

"மில்லுல சோத்துக்கு நேரம் கேட்டதுக்கு, தவம், கர்மம் கழியும்னு கோயில் பேச்சு பேசினாரு அத்த. அதான் இங்க வந்து கேக்கறன்."

மாலை தட்டிலேயே இருந்தது. ஜம்பு உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவளுக்கு நாலடி முன்னால் நடந்தான். கதவைச் சாத்தியதும், "ஒரு மால, அத வாங்கினு போயிருக்கலாம். இப்ப வேலையும் போச்சு," என்றான்.

வேலை போய்த்தான் விட்டது. மறுநாள் விடியும்போதே வேதகிரி வந்து, சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாமாம் என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிட்டு, நிற்காமல் போனான். ராஜீமதி கடலைக்காய் பிடுங்கக் கூலிக்குப் போனாள். ஜம்பு வீட்டில் இருந்தான். வேலையில்லாதவனுக்கு அந்திச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது. உட்கார்ந்து, பார்த்து, மெள்ளச் சாப்பிட்டான். ஆனால் தட்டை மூடவில்லை. இது எத்தனை நாளைக்கோ என்கிற சாப்பாடு அது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த நாள் மன்னிப்பு நாள். பருவம் முடிந்தபின் எல்லாரும் எல்லாரிடமும் கைகூப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டாக வேண்டிய நாள். கேட்கப்பட்டவர் பொறுத்தேன் என்று சொல்லவேண்டும். பகை ஒன்று பாக்கி நின்றால் பத்து நாள் விரதமும் ஓட்டைக் குடம்தான். நயினார் பதினாலு வீட்டுக்கும் வரிசையாக வந்தார். அவர்கள் வீடு கடைசி. ராஜீமதி மனை போட்டாள். அவர் உட்காரவில்லை.

கைகூப்பினார். மனத்தால், சொல்லால், செயலால் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தார். ஜம்பு பதறிக்கொண்டு அவனும் கைகூப்பி, "பொறுத்தேன் மாமா, நீங்களும் பொறுக்கணும்," என்றான். நயினார் ராஜீமதியைப் பார்த்தார்.

அவளும் கைகூப்பினாள். "கோயில்ல கூட்டத்துல பேசினன். ஒங்க மனசு நொந்திருக்கும். அதுக்கு மன்னிச்சுடுங்க."

"பொறுத்தேம்மா."

"நான் இன்னாத்துக்குக் கேட்டன்னு சொல்லிக் கேட்டன். நீங்க இன்னாத்துக்குக் கேக்கறீங்க மாமா?"

"எல்லாத்துக்கும்தாம்மா. தெரிஞ்சி, தெரியாம..."

"தெரியாம செஞ்சதுக்கு அப்பவே பொறுத்துட்டன். தெரிஞ்சி செஞ்சதுக்குப் பேர் இருக்குது. எண்ணிக்கையும் இருக்குது." உள்ளே போய் ஆழாக்கை எடுத்துவந்தாள். "எண்பத்துமூணு. அவுரா எடுத்த அஞ்சு நாள் இதுல இல்ல."

நயினார் ஆழாக்கைப் பார்த்தார். மூன்று தெருவுக்கு முதலாளியான மனிதர், ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு ஆழாக்கிலேயே போட்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. சோற்றுக்கு வழி பண்ணினவன் நான் என்றார். மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்றார்.

"பேரம் இல்ல மாமா. எதைக் குடுக்கறன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது? சொல்லிடுங்க, குடுத்துடறன். இங்க வேணாம். எடுத்த எடத்துல, மில்லு கதவாண்ட, அந்த நேரத்துல வந்து சொல்லுங்க. அப்புறம் ஒரு கொட்ட கூட என் ஊட்டுல இருக்காது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஜம்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வேறு ஊருக்குத்தான் போகணும் என்றான். போகலாம், ஆனால் பொறுத்தேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போகமாட்டேன் என்றாள் அவள்.

மறுநாள் அவள் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த காட்டுக்கு மூன்று மணி வாக்கில் வேதகிரி சைக்கிளில் வந்தான். இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"பெரிய நயினாரு நேத்துலருந்து ஒரு வாய் சாப்பிடலையாம். விரதம் முடிஞ்சும் எறங்கலைன்னு அம்மா அழுவுது. அஞ்சு மணிக்கு சட்டி எடுத்துகினு வரச் சொன்னாரு. ஜம்புவையும் இட்டாரச் சொன்னாரு." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினான். "அந்த ஆழாக்கையுமாம்."

அவள் மண் கையோடு வீட்டுக்கு ஓடினாள். புடலங்காய்க் கூட்டும் ரசமும் வைத்தாள். அன்று மட்டும் அவள் தன் பங்கை முன்கூட்டிச் சாப்பிடவில்லை, நேரம் இல்லை.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தே இருந்தது. லாரி பாதி லோடோடு நின்றது. களத்து ஆட்கள் முப்பது பேரும் சாக்கு நிழலில் நின்று பார்த்தார்கள். நயினார் பாய்லர் கொட்டகையிலிருந்து வந்தார். ஒரு நாளில் முகம் ஒடுங்கியிருந்தது. அவர் சந்தோஷமாக வரவில்லை. முள் எடுக்கக் காலை நீட்டுகிறவன் முகம் அது.

கைகூப்பினார். குரல் கதவுவரைக்கும்தான் கேட்டது.

"எண்பத்துமூணு அந்திச் சாப்பாடு. இவன் தட்டுலருந்து நான் எடுத்தன். தெரிஞ்சிதான் எடுத்தன். எடுத்துட்டு, அதுக்குத் தவம்னு பேரும் வெச்சன். பொறுத்துக்கணும்."

"நாளைக்கு?" என்றாள் ராஜீமதி.

"நாளைக்கும் மணி அஞ்சேகால்தான். லாரிக்காரன் நிக்கட்டும்."

"பொறுத்தேன் மாமா. கைய நீட்டுங்க."

அவர் கூப்பிய கையைப் பிரித்து நீட்டினார். ஆழாக்கைக் கவிழ்த்தாள். எண்பத்துமூன்று கொட்டையும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. இரண்டு கையும் நிறைந்துவிட்டது. எங்கே போடுவது என்று தெரியாமல், கீழே சிந்திவிடுமோ என்று, அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார். மணி அடிக்க அவருக்குக் கை இல்லை. வேதகிரி போய் இரும்புக் கம்பியால் தண்டவாளத்தைத் தட்டினான்.

அஞ்சலை துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "போச்சுடா, எம் புள்ளைங்க பருப்பு போச்சு," என்றாள். களத்தில் சிரிப்பு எழுந்தது. நயினாரைப் பார்த்து அடங்கியது. அவர் உதட்டிலும் ஏதோ அசைந்தது. "நீங்களும் போய்ச் சாப்பிடுங்க மாமா, பொழுது இருக்குது," என்று ராஜீமதி சொன்னாள். கொட்டையை ஏந்தியபடியே அவர் வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஜம்பு காலும் கையும் கழுவிக்கொண்டு வந்து, மேற்கு வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தான். ராஜீமதி பரிமாறிவிட்டுத் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் சோற்றை விரலால் பரப்பினான். பார்த்தான். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றான். தட்டு காலியாகும்வரை அப்படியே மென்றவன், அவள் கரண்டியை மறுபடி கொண்டுபோனபோது, உள்ளங்கையால் தட்டை மூடினான்.

கை கழுவும்வரை அவள் காத்திருந்தாள். "இத்தினி பாடுபட்டு வாங்கின சோறு. இன்னும் ரெண்டு கவளம் இருக்குதுங்க."

"இருக்கட்டும்," என்றான் ஜம்பு. "அது நான் வுட்டது."

மறுநாள் காலையில் ஆழாக்கைக் கழுவி அரிசி அளந்தாள்.